தட்டில் கொஞ்சம் இடம் மாற்றுவோம்
(கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி மக்களுக்கான ஊட்டச்சத்து உரை)



ஆரோக்கியமாச் சாப்பிடுங்கன்னு சொன்னதும் நிறைய பேர் மனசுல வருவது ஆப்பிள், ஓட்ஸ், பாதாம். 'அதுக்கெல்லாம் நமக்கு எங்க வசதி'ன்னு அதோட விட்டுடுறோம். இன்றைக்கு நான் பேசப்போவது அந்தச் சாமான்களைப் பற்றி இல்லை. உங்க ரேஷன் பையில், சந்தையில், கொல்லையில் ஏற்கெனவே இருப்பதைப் பற்றித்தான். புதுசா வாங்குவதைவிட, தட்டில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மாற்றுவதுதான் முக்கியம்.

ஏன் இது அவசரம்? 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கும் மேல. படிக்கிற பிள்ளை வகுப்பில் சோர்ந்து போறது, மாடிப்படி ஏறினா அம்மாவுக்கு மூச்சு வாங்குறது, பிரசவத்தில் ஆபத்து வருவது என எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இன்னொரு பக்கம், சின்ன வயசிலேயே சர்க்கரை, பிரஷர். குறைவா இருக்கிற சத்தும் கூடிப்போன மாவும் உப்பும் ஒரே வீட்டில் ஒன்றாக இருக்கின்றன.

சாமை ஏன் தட்டை விட்டுப் போனது?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றி வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்குச் சாமையும் தினையும் கேழ்வரகும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியவங்க சாப்பிட்டு வளர்ந்ததே அதில்தான். அப்புறம் அது ஏன் குறைந்தது? ருசி பிடிக்காமல் இல்லை. சாமை, தினைக்கு உமி நீக்கணும். உரலில் போட்டுக் குத்திப் புடைத்து எடுப்பதற்குள் ஒரு பெண்ணுக்குப் பாதி நாள் போயிடும். ரேஷன் அரிசியோ கழுவி உலையில் போட்டால் போதும். அதனால் அரிசிக்கு மாறினவங்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனா ஒரு வழி இருக்கு. கேழ்வரகையும் கம்பையும் வீட்டில் உமி குத்த வேண்டிய வேலை அவ்வளவு இல்லை. சுத்தம் செய்து மாவு மில்லில் கொடுத்தால் முடிஞ்சது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கு. அதே அளவு அரிசியில் சுமார் 10 மில்லிகிராம்தான். பால் வாங்க முடியாத வீட்டுக்கு இது மலிவான சுண்ணாம்புச்சத்து. முதலில் ஒரு நாளில் ஒரு வேளையை மாற்றுங்கள். காலையில் கூழ், அல்லது ராத்திரி கீரை போட்ட கேழ்வரகு அடை. அது பழகின பிறகு சாமைச் சோறு வாரம் இரண்டு நாள் போதும். சாமை வாங்கும்போது பளபளன்னு வெள்ளையா தீட்டினதை எடுக்காதீங்க. தீட்டத் தீட்ட மேல்தோலோடு சத்தும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். சிறுதானியம் என்பதால் சர்க்கரை நோயாளி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்பது சரியில்லை. அதுவும் மாவுச்சத்துதான். இரண்டு உருண்டை களி சாப்பிடுகிறவர் ஒரு உருண்டையாகக் குறைத்து, மீதி இடத்தில் கீரையும் பயறும் வைக்கணும்.

மரவள்ளி பற்றி ஒரு வார்த்தை

நம்ம மாவட்டத்தில் மலையிலும் சரி, கீழே சின்னசேலம் பக்கமும் சரி, மரவள்ளி நிறைய. விலைக்குப் போகும் பயிர், நல்லதுதான். ஆனா வேக வைத்த கிழங்கே ஒரு வேளைச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது. 100 கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராம் அளவுக்குத்தான் இருக்கும். கேரளாவில் கப்பையோடு மீன் வைப்பாங்க, கவனிச்சிருப்பீங்க. நாமும் கிழங்கோடு மொச்சைக் குழம்போ முட்டையோ கருவாடோ வைக்கலாம். கிழங்கைத் தோல் சீவி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கிற கிழங்கைச் சாப்பிடவே கூடாது, அதில் நச்சுத்தன்மை அதிகம்.

ஜவ்வரிசியும் இதே கிழங்கு மாவுதான். காய்ச்சல்காரருக்கும் குழந்தைக்கும் வெறும் ஜவ்வரிசிக் கஞ்சி கொடுத்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. பாசிப்பருப்பும் சேர்த்துக் காய்ச்சுங்கள்.

ஒரு கிலோ பருப்புக் கணக்கு

ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் 30 நாளைக்குப் பிரித்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 8 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், அசைவம் சாப்பிடாத பெரியவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் அளவுக்குப் பருப்பும் பயறும் வேண்டும் என்கிறது. இடைவெளி எவ்வளவு பெரிசு பாருங்க. சாம்பார் தினமும் வைக்கிறோம், ஆனா அதில் பருப்பைவிடத் தண்ணிதான் ஜாஸ்தி.

இந்த இடைவெளியை அடைக்க நம்ம காட்டிலேயே ஆள் இருக்கு. மொச்சை, அவரை, தட்டைப்பயறு, கொள்ளு, துவரை. எல்லாத்தையும் விற்றுவிடாமல் வீட்டுக்குன்னு ஒரு படி எடுத்து வையுங்கள். மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு என்பதை மனசுல வைத்துக்கொண்டால் போதும். தானியத்தில் குறையும் புரதத்தைப் பயறு ஈடு கட்டிவிடும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் முட்டையும் இதே கணக்கில்தான் வரும். பிள்ளை கேட்குதேன்னு தினமும் வாங்கித் தரும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்குப் பதில் வாரத்தில் நாலு நாள் வறுத்த கடலை கொடுங்கள்.

கீரையும் டீயும்

முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து இருக்குன்னு எல்லோருக்கும் தெரியும். ஆனா கீரைச் சோறு சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், அந்த இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அதே கீரையில் எலுமிச்சை பிழிந்தாலோ, கூட ஒரு நெல்லிக்காய், கொய்யா சாப்பிட்டாலோ சத்து கூடுதலாகச் சேரும். இரத்தசோகை மாத்திரைக்கும் இதே விதிதான்.

டீயில் இன்னொரு விஷயம். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு நாலு டீ என்றால் 40 கிராம். பெரியவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது. கரும்பு விளையும் ஊர் நம்முடையது, இருந்தாலும் அளவு அளவுதான். வெல்லம் போட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீங்க, வெல்லமும் சர்க்கரைதான். உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள்ளே அடக்கம். அயோடின் உப்பை மூடி போட்ட டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

கடைசியில் சாப்பிடுகிறவர்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு அம்மா சாப்பிடுவார். அப்போது சோறு இருக்கும், ரசம் இருக்கும். கீரை தீர்ந்திருக்கும், முட்டை தீர்ந்திருக்கும். அந்த 53.4 சதவீதத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. என்ன சமைத்தாலும், முதலிலேயே அம்மாவுக்கும் வயசுக்கு வந்த பொண்ணுக்கும் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வையுங்கள். இதை வீட்டு ஆண்கள் செய்தால் இன்னும் நல்லது. காசு செலவில்லாத மாற்றம் இது.

கையில் இருக்கும் போன் எதற்கு?

ரேஷன் அரிசி ஊறும்போது சில மணிகள் மிதக்குது, அது 'பிளாஸ்டிக் அரிசி' என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். நம்பாதீங்க, பொறுக்கி எறியவும் செய்யாதீங்க. அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலப்பார்கள். அரிசியைப் பலமுறை கழுவ வேண்டாம், முடிந்தால் கஞ்சியை வடித்துக் கொட்டவும் வேண்டாம். சிக்கிள் செல், தலசீமியா பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஎன்இபிடிஎஸ் செயலியில் உங்கள் அட்டைக்கு என்ன ஒதுக்கீடு, கடையில் என்ன இருப்பு என்று பார்க்கலாம். பருப்பு வந்திருக்கா என்று தெரிந்துகொண்டு கிளம்பினால், ஒரு நாள் கூலி மிச்சம். மலையில் டவர் கிடைக்கும் இடத்தில் பார்த்து அக்கம்பக்கத்துக்கும் சொல்லுங்கள். குறை இருந்தால் 1967க்கு அழைக்கலாம்.

பாக்கெட் பொருள் வாங்கும்போது பின்பக்க எழுத்து பொடியாக இருக்கும். போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் படியுங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் எழுதியிருக்கும். 'சத்து பிஸ்கட்' என்று போட்டிருந்தாலும், முதல் இரண்டு பெயர் மைதாவும் சர்க்கரையுமாக இருந்தால் முடிவு உங்கள் கையில்.

உடல்நலம், ஊட்டச்சத்து பற்றிச் சந்தேகம் இருந்தால் 104ஐ அழையுங்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. அதை வாங்கி மாட்டுக்குக் கலக்காமல் கொழுக்கட்டையாகவோ கஞ்சியாகவோ செய்து கொடுங்கள். பள்ளியில் காலை உணவும் மதியம் முட்டையும் கிடைக்கின்றன. பிள்ளையைக் காலையில் நேரத்தோடு அனுப்பினால்தான் அந்த முதல் சாப்பாடு அதற்குச் சேரும்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் மூணாம் நாள் விட்டுவிடுவோம். அதனால் நான் மூன்றே மூன்று கேட்கிறேன். ஒரு வேளை கேழ்வரகு. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேர இடைவெளி. அம்மாவுக்குத் தனியாக ஒரு கிண்ணம். அடுத்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வீட்டுப் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்த்து, அந்த எண்ணைப் போனில் குறித்து வையுங்கள். 12க்குக் கீழ் இருந்தால், கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ் இருந்தால், சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். மருத்துவர் சொன்ன காலம் வரை சாப்பிட்டுவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறியிருந்தால், உங்கள் தட்டு சரியான பாதையில் போகிறது என்று அர்த்தம்.