அறிமுகக் கையெழுத்து

முன்பெல்லாம் பாங்கில் கணக்குத் தொடங்க அறிமுகக் கையெழுத்து வேணும். அதற்காக அலைந்த ஜனம் நம்ம வியாசர்பாடி ஜனம். பாங்கில் அது போயிடுச்சு, விஞ்ஞானத்தில் போகலை. முனைவர் பட்டம் முடித்த பிள்ளை தேசிய முதுமுனைவர் உதவித்தொகைக்கு மனுப்போட்டால், ‘என் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கிறேன்’ என்று ஒரு பேராசிரியர் எழுதித் தரணும். பட்டியல் சாதிக்கு வயதில் 5 வருஷம் தளர்வு உண்டு. கடிதத்துக்கு என்ன தளர்வு? அதைத் தாண்டி ஆசிரியர் வேலைக்குப் போனால், 2019 ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தை விலக்கி வைத்திருக்கிறது. வெளிநாடு போகலாமென்றால், மத்திய அரசு நமக்குத் தரும் அயல்நாட்டு உதவித்தொகை முனைவர் பட்டத்தோடு நின்னுடுது. ஆகவே, ஆய்வு முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே எழுதத் தொடங்குங்க. அந்தப் பேராசிரியரின் கட்டுரையைப் படிச்சிட்டு எழுதுங்க. பத்துப் பேர் பதில் போடலைன்னா பதினோராவது ஆளுக்கும் எழுதுங்க.