மரத்தில் கூடு கண்டால்

(தோட்டத்து மாதர் சங்கக் கூட்டத்தில் சேமநல உத்தியோகத்தர் பேசியது)



தேனீயைக் காப்பாத்துங்க என்று சொல்ல வந்திருக்கிறேன். "கொட்டு வாங்குறது நாங்க, ஐயாவுக்கு என்ன?" என்று பின்னால் ஓர் அக்கா சொல்வது கேட்கிறது. நியாயம்தான். கொழுந்து எடுக்கிற நேரம் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நாம் எல்லோரும் அறிவோம். உயிர் போன குடும்பங்களும் மலையகத்தில் உண்டு. அதை மறைத்துவிட்டுத் தேனைப் பற்றி இனிப்பாகப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் நாம் குளவி என்கிறதெல்லாம் குளவி இல்லை. டர்பன்டைன் மரக் கிளையிலும் பாறையிலும் ஒரே அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா. அது கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். குளவி கொடுக்கை விட்டுப் போகாது.

இந்தத் தேனீ ஒரே இடத்தில் குடியிருக்கிற சாதி இல்லை. பூ முடிந்தால் அடையை விட்டுக் கூட்டமாகக் கிளம்பிவிடும். தாழ்நிலத்து வரண்ட காட்டுக்கும் மலைநாட்டுக்கும் இடையில் அது பருவத்துக்குப் பருவம் போய்வருவதை, ஜெர்மன் ஆராய்ச்சியாளர்களான கோனிகர் தம்பதியர் இலங்கையில் ஆராய்ந்து 1980 இல் எழுதினார்கள். நான் பிறந்தது திருகோணமலையில், மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான். களப்பும் கண்டலும், அப்பால் பாலையும் வீரையும் நிற்கிற காடும் உள்ள பகுதி. அந்தப் பக்கத்துக் கரையோர வேடர்கள் பரம்பரையாகக் காட்டில் தேன் எடுத்த சனம். அங்கே காட்டை வெட்டினாலும் இங்கே கூட்டைக் கொளுத்தினாலும் நட்டம் இரண்டு பக்கத்துக்கும்தான்.

தேயிலைக்குத் தேனீ வேண்டாம், உண்மை. பூக்கவே விடாமல் கொழுந்து எடுக்கிறோம். ஆனால் லயத்துக்குப் பின்னால் நீங்கள் போட்டிருக்கிற மரக்கறிப் பாத்தியைப் பாருங்கள். பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அதற்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். நாம் உரம் போதவில்லை என்று நினைப்போம்! கத்தரிப்பூ இன்னும் பிடிவாதம். பூவைப் பிடித்து அதிரவைத்தால்தான் மகரந்தம் நன்றாக உதிரும். அந்த வித்தை கருவண்டுக்கும் நீலக்கோடு போட்ட சின்னத் தேனீக்கும் தெரியும். தேன் தருகிற தேனீக்குத் தெரியாது. கருவண்டு பட்ட மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும், நீலக்கோட்டுத் தேனீ மண்ணிலே. பீலிக்கு மேலே இருக்கிற காட்டுத்துண்டை விறகுக்கென்று மொட்டையாக்கினால் இவை எங்கே போகும்?

களைக்கு அடிக்கிற கிளைபோசேட் மருந்தை 2015 இல் தடை செய்தார்கள், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதித்தார்கள். மருந்தடிக்கிற தம்பிமார், ஓடைக்கரைப் பூவுக்கும் சேர்த்து அடிக்காதீர்கள். அந்தத் தண்ணியைத்தான் நாமும் குடிக்கிறோம்.

கூடு கண்டால் பிரட்டிலேயே கங்காணியிடம் சொல்லுங்கள். அந்த மலையை ஒதுக்கி வேறு மலைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கூட்டுக்கு அடியில் ஆளை நிறுத்திவிட்டுத் தேனீயைக் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கல்லும் பந்தமும் வேண்டாம். ஒன்றை நசுக்கினாலே அந்த வாடைக்கு மற்றதெல்லாம் வரும். கொட்டினால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு தூரமாக ஓடுங்கள், பிறகு கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், தாமதியாமல் ஆஸ்பத்திரி.

எந்த மலையில், எந்த மரத்தில் கூடு இருக்கிறதென்று வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள். பட்டியலைத் துரையிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.