கிளை கழிக்கவும் காலம் உண்டு, கணக்கு உண்டு!

திருப்பூர் மாவட்ட நிர்வாகிகள், உறுப்பினர்கள் கூட்டத்தில் மின்பாதைப் பராமரிப்பு பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க பகுதி குழுக்களில் பகிருங்க.



இன்னைக்கு இந்தப் பக்கம் ஷட் டவுன் நாள். கம்பெனி லீவு. அதனாலதான் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம்னு எனக்குத் தெரியாம இல்லை! சிரிங்க, பரவாயில்லை. நான் பேச வந்ததும் அந்த ஷட் டவுனைப் பத்திதான்.

மாதாந்திரப் பராமரிப்புன்னு பேப்பர்ல போடுவாங்க. துணைமின் நிலையத்தின் பேரு, அதுக்குக் கீழ வர்ற ஊர்களின் பேரு. காலையில 9 மணிக்குக் கரண்ட் போனா, திரும்பி வர சாயங்காலம் 4, 5 மணி ஆயிரும். அந்த நேரத்தில் கம்பத்து மேல என்ன வேலை நடக்குதுன்னு நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கோம்? இன்சுலேட்டரைத் துடைக்கிறாங்க, ஜாயின்ட்டைப் பார்க்கிறாங்க. பாதி நேரம் அரிவாளும் கொக்கியும் வெச்சு மரக்கிளையைக் கழிக்கிறாங்க. "ஒரு கிளையை வெட்ட ஊரையே நிறுத்தணுமா?"ன்னு கேட்கிறவங்க உண்டு. நானும் கேட்டவன்தான்.

பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஒரு அக்காதான் எனக்குப் பாடம் எடுத்தாங்க. "அண்ணா, சொல்லிட்டு நிறுத்துற ஒரு நாளை நாங்க சமாளிச்சுக்குவோம். துணி துவைப்போம், ரேஷன் கடைக்குப் போவோம். சொல்லாம போற அரை மணி நேரந்தான் எங்களுக்கு நட்டம். மெஷின் முன்னாலயே உக்காந்திருக்கணும், கூலியும் கிடையாது"ன்னாங்க. நான் இன்னைக்குச் சொல்லப் போற எல்லாமே இந்தப் பேச்சுக்குள்ள இருக்குதுங்க.

சாயப்பட்டறைக்காரங்களைக் கேளுங்க. மெஷினுக்குள்ள துணி ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் நின்னா ஷேட் மாறிரும், அந்த லாட்டே கேள்விக்குறி. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இந்த ஊர் மறக்காது. அதற்குப் பிறகு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற நிலையில்தான் தொழில் நடக்கிறது. அந்த ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் மின்சாரத்தில்தான் ஓடுது. ஆக, ஒரு 110 கே.வி. பாதையில் ஒரு கிளை உரசினா, அது தையல் மெஷினையும் தொடும், நொய்யலையும் தொடும்.

சரி, கிளை எப்படிப் பாதையை நிறுத்துது? இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் புரியும்.

மின்கம்பி ஒரே உயரத்தில் நிற்கிற பொருள் இல்லீங்க. லோடு ஏறினா சூடாகும், சூடானா நீளும், நீண்டா தொங்கும். காலையில் மரத்துக்கு மேல தள்ளி இருந்த கம்பி, சித்திரை மாசத்து மத்தியானம் மூணு மணிக்குக் கீழே இறங்கி நிற்கும். இன்னொண்ணு, உயர் அழுத்தப் பாதையில் கிளை கம்பியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தில் வந்தாலே காற்று வழியா மின்சாரம் பாயும். அதனாலதான் மரத்துக்கும் கம்பிக்கும் இடையே 110 கே.வி. பாதைக்குக் குறைந்தது 3.7 மீட்டர், 400 கே.வி. பாதைக்கு 5.5 மீட்டர்னு கணக்கு வெச்சிருக்காங்க. பாதைக்கான அகலம் 110 கே.வி.க்கு 22 மீட்டர், 400 கே.வி.க்கு 46 மீட்டர்.

இந்தக் கணக்கை அலட்சியம் பண்ணினா என்ன ஆகும்? 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம். 345 கே.வி. பாதைகள் மூணு, ஒரு மணி நேரத்துக்குள்ள, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு மரத்தில் பட்டு நின்னு போச்சு. கம்பி தாங்கக்கூடிய லோடைத் தாண்டலை. வளர்ந்த மரத்தை நேரத்துக்குக் கழிக்கலை. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருளும் வேலை செய்யலை. சாயங்காலத்துக்குள்ள அமெரிக்காவிலும் கனடாவிலுமா சுமார் 5 கோடிப் பேர் இருட்டில் நின்னாங்க. அதுக்கப்புறம்தான் மின்பாதையோர மரப் பராமரிப்பை அங்கே கட்டாய விதியாக்கினாங்க. பணக்கார நாட்டுக்கே அந்தப் பாடம் அவ்வளவு விலைக்குக் கிடைச்சது.

அப்படின்னா எல்லா மரத்தையும் வெட்டித் தள்ளிரலாமா? கூடவே கூடாது! நம்ம பேச்சின் முக்கியமான இடம் இதுதான்.

வேம்பையோ புங்கனையோ கம்பி பக்கம் போற கிளையை மட்டும், அடியோட முறையா எடுத்தா மரம் வேற பக்கம் வளரும். தலையை மொட்டையடிச்சா? மூணு மாசத்தில் பத்து கொப்பு கிளம்பும். எல்லாமே வலுவில்லாத கொப்பு, ஆடிக் காத்துக்கு முறிஞ்சு கம்பி மேலேயே விழும். சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டினா இன்னும் அடர்த்தியா வரும், அதை வேரோடு எடுக்கணும். அவசரத்தில் வெட்டுறது வேலையைக் குறைக்காது, கூட்டும்.

தென்னை விஷயம் வேற. தென்னைக்கு ஒரே குருத்து. தலையைக் கழிச்சா மரம் செத்துரும். அதனால பாதைக்குள்ள வர்ற தென்னையை முழுசா எடுக்கிறதைத் தவிர வழியில்லை. உடுமலையிலும் பல்லடத்திலும் காங்கேயத்திலும் ஒரு தென்னைன்னா என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை மாதிரி தண்ணி ஊத்தி, அஞ்சாறு வருசம் காத்திருந்து, அப்புறம் ரெண்டு தலைமுறைக்குச் சோறு போடுற மரம் அது. பாப்பு அறுத்த விவசாயியைப் பார்த்து "ஊருக்கு மின்சாரம் வேணுமில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போறது நியாயமா?

சட்டம் என்ன சொல்லுது? மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 68. மின்பாதைக்கு இடையூறான மரத்தை அகற்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம். ஆனா பாதை போடுறதுக்கு முன்னாலேயே அந்த மரம் இருந்திருந்தா, உரியவருக்கு நியாயமான இழப்பீடு வழங்கணும். மரம் முதல்ல வந்துதா, கம்பி முதல்ல வந்துதா, அதுதான் கேள்வி. அதனால விவசாயிகளே, பாதை அளக்க வர்ற அன்னைக்கே மரங்களை எண்ணி, போட்டோ எடுத்து, எழுதிக் கையெழுத்து வாங்கி வெச்சுக்குங்க.

2018 டிசம்பரில் கொங்கு மாவட்ட விவசாயிகள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக உண்ணாவிரதம் இருந்ததை நாம பார்த்தோம். சத்தீஸ்கரின் ராய்கர்ல இருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டு வர்ற 800 கே.வி. பாதை உட்பட, பல பாதைகள் நம்ம தோட்டங்கள் வழியாத்தான் போச்சு. அப்போ மத்திய வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போற நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அது 200 சதவீதமாகவும் 30 சதவீதமாகவும் உயர்ந்தது. அது தானா உயரலை. வெயிலில் உக்காந்தவங்க உயர்த்தினது.

அடுத்து, அந்தக் கம்பத்து மேல ஏறுற ஆள். கேங்மேன், ஒப்பந்தத் தொழிலாளி. லைன் கிளியர் வாங்கி, எர்த் பண்ணி, பெல்ட் கட்டி ஏறுறான். கீழே நம்ம யூனிட்ல ஜென்செட்டை ஓட்டுறோம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியில்லைன்னா அந்தக் கரண்ட் ரிட்டர்ன் சப்ளையாகக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் வழியா ஏறினா அழுத்தம் பல மடங்கு. ஷட் டவுன்னு நம்பித் தொட்டவன் உயிர் போயிரும். நம்ம ஊர்ல ஜென்செட் இல்லாத தெரு உண்டா? அப்போ இந்தப் பொறுப்பு நம்மளோடது இல்லையா?

ஆகவே நம் கோரிக்கைகள்:

✅ காற்றுக் காலத்துக்கு முன் ஏப்ரல், மே மாதங்களிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் கிளை கழிக்கும் அட்டவணையை, பாதை வாரியாக, ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டணும்.

✅ மரம் அகற்றும் முன் உரிமையாளருக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்பும், உரிய இழப்பீடும் வேண்டும்.

✅ ஏறுகிற ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, பயிற்சி, கையுறை, பெல்ட், காப்பீடு வேண்டும்.

✅ வெட்டிய கிளையைச் சாலையில் போட்டுவிட்டுப் போகாமல் அன்றைக்கே அகற்றணும்.

அரசைக் கேட்டாச்சு. இனி நம்மை நாமே கேட்போம். தலைவர்கள் பிறந்தநாளுக்கு மரக்கன்று நடுறோமே, மேலே பார்த்து நடுறோமா? கம்பிக்கு அடியிலேயே புங்கன் நட்டு, போட்டோ எடுத்துட்டு வந்துர்றோம். அஞ்சு வருசத்தில் அதை வெட்ட ஒருத்தன் உயிரைப் பணயம் வெச்சு ஏறணும். அடியில் செம்பருத்தி, அரளி நடுங்க. தோட்டத்துல சின்ன வெங்காயம், மிளகாய் போடலாம். தள்ளி இடமிருந்தா வேம்பு நடுங்க. கம்பிக்கு அடியில் மட்டை, தட்டு எரிக்காதீங்க, புகை வழியாவும் மின்சாரம் பாயும். கொடிக்கம்பம் நடும்போதும் அதே கவனம். இரும்புக் கம்பம் கம்பியில் பட்டு உயிர் போன செய்தியை நாம படிக்காத வருசம் இல்லை. நம்ம கொடி இன்னொரு வீட்டில் விளக்கை அணைக்கக் கூடாது.

கிளை கம்பியை உரசுறதைப் பார்த்தா நீங்க குச்சி எடுத்துத் தள்ளாதீங்க. மின்னகம் எண் 94987 94987. கம்பத்து எண்ணோடு புகார் சொல்லுங்க, புகார் எண்ணைக் குறிச்சு வையுங்க. தீரலைன்னா நம்ம கிளைச் செயலாளர்கிட்ட கொடுங்க, பின்தொடர்றது எங்க வேலை.

சொல்லிட்டு நிறுத்துற கரண்ட், காசு கொடுத்துட்டு எடுக்கிற மரம், உசிரோட இறங்கி வர்ற தொழிலாளி. இந்த மூணும் கிடைக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்போம்.



#கிளைகழிக்கக்_கணக்கு #திருப்பூர் #மரமும்_வேண்டும்_மின்சாரமும்_வேண்டும்