தூக்குக்கு முன்னால் ஒரு வக்கீல்



1952-ல் ராயபுரம் கடற்கரையில் ஒரு மனிதத் தலை கிடைத்தது. உடல், ரயிலில் போன ஒரு டிரங்குப் பெட்டிக்குள் மானாமதுரையில் கிடைத்தது. ஆளவந்தார் கொலை வழக்கு என்றால் வடசென்னைப் பெரியவர்களுக்குத் தெரியும். ஊரே உறைந்துபோன கொலை. ஆனாலும் துறைமுகத்தை ஒட்டிய நம் உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னால் இரு தரப்பும் பேசின. கொலை நடந்த சூழ்நிலையும் எடைபோடப்பட்டு, முக்கியக் குற்றவாளிக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தூக்கு இல்லை.

இப்போதோ சட்டம் கடுமையாகிக்கொண்டே போகிறது. 2025 ஜனவரியில் நம் சட்டமன்றம் குற்றவியல் சட்டங்களைத் திருத்தியது. 12 வயதுக்குட்பட்ட சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்தால் ஆயுள் சிறை, அல்லது தூக்கு. பிணை விதிகளும் இறுகின. ஆந்திரம் 2019-ல் இன்னும் வேகமாகப் போனது: ஏழு வேலை நாளில் புலனாய்வு, பதினான்கு வேலை நாளில் விசாரணை என்றது அதன் மசோதா. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அந்த மசோதா சட்டமாகவில்லை.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அவசரம் என்ன செய்யும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2017-ல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்டாள். அடுத்த பிப்ரவரியிலேயே செங்கல்பட்டு நீதிமன்றம் ஓர் இளைஞருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இளைஞரை விடுதலை செய்தது. குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வக்கீலே இல்லை. இலவச வக்கீல் வந்த சில நாட்களிலேயே சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. முக்கியமான கேமரா பதிவும் முறையாக நிரூபிக்கப்படவில்லை. எட்டு வருடம் காத்திருந்த அந்தப் பெற்றோருக்கு என்ன மிஞ்சியது? யார் கொன்றது என்ற பதில்கூட இல்லை.

தூக்குத் தண்டனையை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் உறுதி செய்தாக வேண்டும் என்பது விதி. அவர்கள் பெரும்பாலும் பார்ப்பதும் கீழ்க்கோர்ட்டில் பதிவான காகிதத்தைத்தான். அங்கே குறுக்கு விசாரணை சரியாக நடக்கவில்லை என்றால், மேலே போய் எதைச் சரிபார்ப்பது?

ஆகவே தண்டனையைக் கூட்டும் சட்டத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: ரிமாண்ட் செய்யும் முதல் நாளே அனுபவமுள்ள வக்கீல், அவர் வழக்கைப் படிக்கப் போதுமான நாட்கள். காசிமேட்டில் மீன் விற்கும் தாயோ, எண்ணூரில் ஒப்பந்த வேலை பார்க்கும் தகப்பனோ, பிள்ளையைப் புழல் சிறைக்குக் கொண்டுபோன அன்று வக்கீல் ஃபீசுக்கு எங்கே போவார்கள்?

இலவச சட்ட உதவி கேட்க 15100 என்ற எண் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம்.