வானில் ஏறும் கணக்கு

விமானம் 35,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருக்கிறது. பணிப்பெண் புன்முறுவலோடு தேநீர் தருகிறார். அவ்வேளையில் அவருடைய உடலையும் நம்முடைய உடலையும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஊடுருவிச் செல்கின்றன. வலி இல்லை; வெப்பம் இல்லை. உணர முடியாத ஒன்றை அளந்தறிவது எங்ஙனம்? அதைப் பற்றியே இன்று நான் சில சொல்ல விரும்புகிறேன்.

1912-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள், ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ் அளவுகருவிகளோடு பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறினார். கதிர்வீச்சு அங்கே குறையாமல் மிகுவதைக் கண்டார். அது மண்ணிலிருந்து அன்று, விண்ணிலிருந்தே வருகிறது என்பது புலனாயிற்று. அவையே காஸ்மிக் கதிர்கள்.

காற்று மண்டலம் நமக்கு ஒரு கேடயம். பூமியின் காந்தப் புலம் மற்றொன்று. உயரே செல்லச் செல்ல முன்னது மெலிகிறது. துருவங்களை நெருங்க நெருங்கப் பின்னதன் காப்பு தளர்கிறது. ஆகவே நிலநடுக்கோட்டை ஒட்டிப் பறப்பவரைவிட, லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பறப்பவர் மிகுதியான கதிர்களை ஏற்கிறார்.

எக்ஸ்ரே அறை ஊழியர் சட்டையில் அணியும் கதிர் அளக்கும் வில்லை இங்கே போதாது. விமானத்தில் உடல் ஏற்கும் கதிரில் ஏறக்குறையப் பாதி நியூட்ரான்களால் வருவது. ஆதலால் மனிதத் தசையை ஒத்த பொருளாற் சுவர் அமைத்து, உள்ளே வாயு நிரப்பிய கருவிகளை விமானங்களில் ஏற்றி அளந்தார்கள். பாதை, உயரம், நேரம், சூரியனின் நிலை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கிடும் முறையும் வகுக்கப்பட்டது. 1976 முதல் 2003 வரை பிரயாணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்ட் விமானம் 60,000 அடி வரை ஏறியது. அதில் கதிர் அளக்கும் கருவி ஒன்று எப்போதும் உடனிருந்தது.

நாம் யாவரும் இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் கதிர் பெறுகிறோம். விமான ஊழியர் அதற்கு மேல் பெரும்பாலும் 2 முதல் 5 வரை பெறுகிறார். கதிரியக்கத் தொழிலாளருக்குரிய சராசரி வரம்போ 20. எப்போதோ பறக்கும் பிரயாணிக்கு அச்சமே வேண்டா.

ஆயினும் கருவுற்ற பணிப்பெண்ணை எண்ணிப் பாருங்கள். வயிற்றில் வளரும் குழவிக்கு 1 மில்லிசீவர்ட்டே எல்லை. நெடுந்தூர வடபாதைகளில் சில மாதங்கள் பறந்தால் அது கடந்துவிடக்கூடும். 1990-இல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்புக் குழு, இதனையும் தொழில்வழி வரும் கதிராகக் கொள்ளப் பரிந்துரைத்தது. 1996-இல் ஐரோப்பிய ஒன்றியம், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டைக் கடக்கக்கூடிய விமான ஊழியருக்குக் கணக்கு வைக்க ஆணையிட்டது.

நம்மைச் சுமந்து செல்பவர்கள் தாம் சுமப்பது எவ்வளவு என்று அறிய வேண்டாமா? அந்தக் கணக்கை அவர்கள் கையில் தருவதே நியாயம் என்பது என் கருத்து.