கடையின் லைசென்சைக் கேளுங்கள்

(அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த கூட்டத்தில் பேசியது. வேலை காரணமாக வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தருகிறோம். இடத்தின் பெயரையும் கடையின் பெயரையும் விட்டிருக்கிறோம்.)



வாரத்தில் ஒரே ஒரு நாள் லீவு. அந்த நாளிலும் துணியைக் காயப்போட்டுவிட்டு, கறி வாங்கி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். கீழே இருக்கும் அந்தக் கடையைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

அந்தக் கடை எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு. நானே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன், மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் சாப்பாடு நின்றது. கலர் விளக்கு வந்தது. பிறகு மேசைகள் நடைபாதைக்கு வந்தன, பிறகு மோட்டார் நிறுத்தும் இடத்துக்கே வந்தன. பிறகு அந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. இன்று இரவு ஒரு மணி, ஒன்றரை மணி வரை பாட்டு. மூன்றாவது மாடியில் எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளை காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படிக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஃபேக்டரி பஸ் பிடிக்கிற அக்காமார்கள் உடைந்த பாட்டில் கண்ணாடியைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். மாடிப்படியில் சிறுநீர் நாற்றம். இதையெல்லாம் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

போன மாதம் நடந்த அடிதடியும் உங்களுக்குத் தெரியும். போலீஸ் வந்தது. இரண்டு பையன்களைக் கொண்டு போனது. அதில் ஒருவனுக்கு வயது பத்தொன்பது. அவனுடைய அம்மா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். பிரிவு 117-ன்படி மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் நான்கு நாள் ரிமாண்ட். நான்கு நாளும் அந்த அம்மா வேலைக்குப் போகாமல் போலீஸ் நிலைய வாசலில் நின்றார். நான்கு நாள் சம்பளம் போனது. கடைக்கு என்ன ஆனது? மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷட்டரைத் தூக்கினார்கள். உடைந்த நாற்காலிக்குப் பதில் புது நாற்காலி!

பத்தொன்பது வயது என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் யோசியுங்கள். நம் நாட்டில் 2017 டிசம்பர் 1 முதல் இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. முன்பு பதினெட்டாக இருந்ததை இருபத்தொன்றாக உயர்த்தினார்கள். அது சுகாதார அமைச்சின் உணவு விதிமுறைகளில் வருகிறது. அப்படியானால் அன்று இரவு முதல் தப்பு செய்தது யார்? அந்தப் பையன் கை ஓங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, அவன் முன்னால் பாட்டிலைத் திறந்து வைத்தவர்தானே! பையனிடம் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். யார் விற்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. "நம்ம பசங்களே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

இந்த வார்த்தைதான் எனக்குப் பெரிய வருத்தம். தமிழன் என்றால் குடி, குடி என்றால் அடிதடி என்று மற்றவர்கள் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. அதே வார்த்தையை நாமே சொல்லிக்கொள்கிறோம்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் அதற்கு அரசாங்க அனுமதி, தோட்ட நிர்வாகத்தின் ஆதரவு. கொடுத்த சம்பளத்தில் ஒரு பங்கு சாயங்காலமே கள்ளுக்கடை வழியாகத் திரும்பிப் போய்விடும். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். என்னென்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்குகிற வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். அந்தப் பட்டியலிலேயே கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் இருந்தது. கூலியையும் மானத்தையும் கள்ளுக்கடையையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார்கள்! நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துருப்புகள் வந்தன. சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

போர் முடிந்த பிறகு கெடாவில், பெடோங் பக்கம் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947-ல் கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல் செய்தார்கள். போலீசோடு மோதல், அதிலும் ஓர் உயிர் போனது. தொண்டர் படை குடித்தவர்களைப் பிடித்துத் தண்டித்ததும் உண்டு. அதை நான் பாராட்டவில்லை. ஆனால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடை வாசலில் போய் நின்றார்கள்.

இன்று நாம் மறியல் செய்ய வேண்டியதில்லை. அதைவிட எளிய வழி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும்.

மது விற்பதற்கான லைசென்ஸ் 1976-ஆம் ஆண்டு கலால் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைக் கொடுப்பது லைசென்ஸ் வாரியம். பெரும்பாலான இடங்களில் அந்த வாரியத்தின் வேலைகள் மாவட்ட அலுவலகத்தில் நடக்கின்றன. கோலாலம்பூர் என்றால் மாநகர் மன்றத்தில். அந்த லைசென்ஸ் பரம்பரைச் சொத்து கிடையாது. அதில் முடிவுத் தேதி இருக்கிறது. தேதி முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். எந்த வகை லைசென்ஸ், எந்த நேரம் வரை விற்கலாம் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். வாங்கிக்கொண்டு போவதற்கு விற்கும் சில்லறைக் கடைக்கு ஒரு வகை, உட்கார்ந்து குடிக்கும் இடத்துக்கு வேறு வகை. கீழே இருப்பவர் எந்த வகையை வாங்கிவிட்டு எதை நடத்துகிறார்? நம்மில் ஒருவராவது பார்த்திருக்கிறோமா? கல்லாவுக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். பகலில் போய் ஒரு மைலோ ஐஸ் சொல்லிவிட்டுப் படித்துப் பாருங்கள். முடிவுத் தேதியை எழுதிக்கொண்டு வாருங்கள்.

இது தவிர நகராண்மைக் கழகம் கொடுக்கும் வியாபார லைசென்ஸ் தனி. நடைபாதையில் மேசை போடுவது அவர்கள் பார்க்க வேண்டிய காரியம். பாட்டு, கரவோக்கே என்றால் மாநிலக் கேளிக்கைச் சட்டம். சிலாங்கூரில் அது 1995-ஆம் ஆண்டுச் சட்டம். ஆக ஒரு கடைக்கு மூன்று நான்கு காகிதம். ஒரு கதவு திறக்காவிட்டால் இன்னொரு கதவைத் தட்டலாம்.

இதை நாங்கள் எப்படித் தெரிந்துகொண்டோம் என்றால், அவமானப்பட்டுத்தான். அடிதடி நடந்த பிறகு நாங்கள் மூன்று பேர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். முகப்பில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இந்தக் கடை மீது போலீஸ் ரிப்போர்ட் எத்தனை இருக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இரண்டு வருடச் சத்தம், இரண்டு வருடக் கண்ணாடி. ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை! இருந்தது அந்த அடிதடி ரிப்போர்ட் மட்டும்தான். அதில் கடை வெறும் சம்பவ இடம். குற்றவாளிகள் நம் பையன்கள்.

யோசித்துப் பாருங்கள். லைசென்ஸ் விண்ணப்பம் வரும்போது போலீசின் கருத்தும் கேட்கப்படுகிறது. போலீஸ் தன் பதிவைத்தானே பார்க்கும்? பதிவில் கடையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றால் ஆட்சேபம் இல்லை என்றுதான் எழுதும். நம் பிள்ளைகளின் ஃபைல் தடித்துக்கொண்டே போகிறது. கடையின் ஃபைல் காலி. அதை நாம்தான் நிரப்ப வேண்டும்.

ஆகவே இனி யாருக்கு என்ன தொல்லை நடந்தாலும் நேரே போய் ரிப்போர்ட் செய்யுங்கள். நீங்கள் வாயால் சொன்னாலும் அவர்கள் எழுதி, உங்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதுதான் சட்டம். மலாய் எழுத்து வராது என்றால் படிக்கிற பிள்ளையை அழைத்துப் போங்கள். "பையன்கள் சண்டை போட்டார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கடையின் பெயர், முகவரி, தேதி, மணி, கடை அந்த நேரத்தில் திறந்திருந்ததா, வெளியே எத்தனை மேசை, சத்தம் எதுவரை கேட்டது, இதையெல்லாம் சொல்லுங்கள். நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பிடிவாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், நான்கு வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 107ஏ. கேட்டு இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். சின்னப் பையன்களுக்கு விற்பதைக் கண்டால் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். எந்த அலுவலகத்தில் கடிதம் கொடுத்தாலும் நம் நகலில் சாப் குத்தி வாங்காமல் திரும்பாதீர்கள். சாப் இல்லாத மகஜர் வெறும் காகிதம். எத்தனை மகஜர் கொடுத்து ஏமாந்திருக்கிறோம்!

வீடியோ எடுப்பதில் ஒரு விஷயம். கடிகாரத்தோடு கடை வாசலை எடுங்கள், மேசைகளை எடுங்கள். குடித்து விழுந்து கிடப்பவனை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவன் யாரோ ஒருவருடைய அப்பா. அவன் பிள்ளை இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது.

இரண்டு பேர் என்னிடம் வேறு மாதிரிக் கேட்டார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஓர் ஐயா கேட்டார், "கடைக்காரரும் தமிழர்தானே, ஒரு தமிழன் பிழைப்பில் மண்ணைப் போடலாமா?" நியாயமான கேள்வி. அங்கே நான்கு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களும் நம் ஆட்கள். அதனால்தான் முதல் கடிதத்திலேயே கடையை மூடு என்று நாம் எழுதப் போவதில்லை. லைசென்சில் உள்ள நேரத்துக்கு மூட வேண்டும், வெளியே மேசை கூடாது, ஸ்பீக்கர் வேண்டாம், வயது பார்த்து விற்க வேண்டும், வாசலில் கேமரா வைக்க வேண்டும். இந்த நிபந்தனைகளோடு புதுப்பிக்கச் சொல்லிக் கேட்போம். கேட்ட பிறகும் திருந்தாவிட்டால் புதுப்பிக்கவே கூடாது என்று எழுதுவோம். அவரிடம் நேரிலும் நான்கு பெரியவர்கள் போய்ச் சொல்லப் போகிறோம். மறைந்திருந்து புகார் போடுகிற வேலை இது இல்லை.

ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, இதை மூடினா மலிவுச் சரக்குத் தேடிப் போவாங்களே?" அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். சம்சு நம் தோட்டங்களை என்ன செய்தது என்பதும் தெரியும். ஒரு கடையை அடைத்துவிட்டால் குடி நின்றுவிடும் என்று நான் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். குடியை விட நினைப்பவனுக்கு அரசாங்க மருத்துவமனையில் உதவி கேட்கலாம், அதற்கும் கூட வர நாங்கள் தயார். ஆனால் இரவு ஒரு மணிக்குப் பாட்டுப் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இன்னொன்று, நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மது என்றவுடன் இதை மத விவகாரமாக்கி மேடை போடுவதற்கு ஆட்கள் வருவார்கள். நம் புகார் சத்தம், நேரம், வயது, பாதுகாப்பு. இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க யாரையும் விடாதீர்கள். சீனக் குடும்பங்கள், மலாய்க் குடும்பங்கள் இந்த பிளாக்கிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் தூக்கம் இல்லை. அவர்கள் கையெழுத்தும் நம் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கட்டும்.

பயப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள், தெரியும். அந்தக் கடையில் உட்காருகிற சில பேரைப் பார்த்தால் எனக்கும் பயம்தான். தனியாக யாரும் போக வேண்டாம். ஐந்து பேர், ஆறு பேராகப் போங்கள். பெண்கள் போனால் இன்னும் நல்லது. அந்தப் பையனின் அம்மா முதல் ஆளாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த மேசையில் மூன்று நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், பிளாக்குக்கு ஒன்று. தேதி, மணி, நடந்தது என்ன, பார்த்தவர் பெயர் என்று கோடு போட்டிருக்கிறது. ஏ பிளாக் புத்தகம் இரண்டாவது மாடி டீச்சர் வீட்டில் இருக்கும். மற்ற இரண்டையும் யார் வீட்டில் வைப்பது என்று இப்போதே சொல்லுங்கள். நேற்று இரவு மணி ஒன்று இருபதுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள், போவதற்கு முன் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள்.