ஒரு சுவடும் பல நம்பிக்கைகளும்



சப்பிரகமுவ மாகாணத்தின் எல்லையில் 7,359 அடி உயர்ந்து நிற்கும் மலையொன்று உண்டு. அதனைச் சைவர் சிவனொளிபாதமலை என்பர். பௌத்தர் ஸ்ரீபாதம் என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். கிறிஸ்தவர்களுள் ஒரு சாரார் உச்சியிலுள்ள சுவடு புனித தோமையாருடையது எனக் கொள்வர். பாறையிலுள்ள குழிவு ஒன்றே. மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை, ஒரே படிகளில், ஒரே குளிரில் நடுங்கிக்கொண்டு எல்லோரும் ஏறுகின்றனர்.

இவ்வேறுபாடு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இம்மலை ஆதமுக்குரியது என்று முஸ்லிம்களும், புத்தருக்குரியது என்று பௌத்தரும் சொல்வதைக் குறித்து வைத்துள்ளார். 1344ஆம் ஆண்டில் இபின் பத்தூத்தா இதன்மீது ஏறினார். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் கல் ஒன்றாகவே இருக்கிறது. பெயர்களும் பலவாகவே இருக்கின்றன.

உச்சிக்குச் சென்று, சுவட்டை அளந்து பார்த்து, ஆராய்ந்து, அதன்பின் தம் சமயத்தைத் தெரிந்துகொண்டு இறங்கியவர் எவரேனும் உண்டோ? இருப்பின் மிகச் சிலரே. மற்றையோர் அனைவரும் அடிவாரத்திலிருந்தே, ஏன், தாயின் மடியிலிருந்தே அப்பெயரைச் சுமந்து ஏறியவர்கள். ஆயினும், பிறந்த வீட்டின் மதமே பிள்ளையின் மதம் என்று சொல்லி இவ்விஷயத்தை முடித்துவிட இயலாது. அவ்வீட்டுக்கு அம்மதம் வந்தது எவ்வாறு? ஒரே வீட்டிற் பிறந்த இருவர் வெவ்வேறு வழியிற் செல்வது எதனால்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதற்கு, இம்மாகாணத்துத் தோட்டங்களைக் காட்டிலும் ஏற்ற இடத்தை நான் அறியேன்.

கோப்பிக் காலத்திலும், பின்னர் தேயிலை, இறப்பர்க் காலத்திலும் தமிழகத்திலிருந்து இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளுக்கு ஆள் கொண்டுவந்தவன் கங்காணி. அவன் பெரும்பாலும் தன் ஊரிலும் உறவிலுமே ஆள் திரட்டினான். ஆதலின் லயத்திற் குடியேறியது தனி மனிதர் கூட்டமன்று; பிறந்த ஊரின் ஒரு துண்டு. அத்துண்டோடு அதன் தெய்வங்களும் வந்தன. வழியிலும் வந்த இடத்திலும் வாந்திபேதியும் அம்மையும் உயிரைக் கொண்டுபோன காலத்தில், மாரியம்மன் தோட்டங்களில் முதலிடம் பெற்றது தற்செயல் ஆகாது. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ‘ரோதைமுனி’ என்றொரு தெய்வம் உண்டு. ரோதை என்பது இயந்திரச் சக்கரம். அதில் கை அகப்படுமோ என்று அஞ்சியவன் அச்சக்கரத்துக்கே ஒரு காவல் தெய்வத்தை அமர்த்தினான். தமிழகத்துக் கிராமத்தில் இத்தெய்வம் இருந்திருக்க முடியாது. இதனை மூடநம்பிக்கை என்று நகைப்பவர், அச்சக்கரத்தின் அருகே ஓர் இரவு வேலை பார்த்தவராக இருக்கமாட்டார்.

அதே லயத்தில் ஒரு குடும்பம் கிறிஸ்தவமாயிற்று. அங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்த ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. (அப்பெயரே அக்காலம் தொழிலாளரை எங்ஙனம் நோக்கியது என்பதைச் சொல்லாமற் சொல்கிறது.) திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்ட உபதேசியார்கள் தோட்டந்தோறும் சென்று தமிழிலேயே போதித்தனர், எழுத்தும் கற்பித்தனர். மாறியவர்களை ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என ஏளனஞ் செய்வோர் உளர். அவ்வேளனம் பாதி உண்மைகூட ஆகாது என்பது என் கருத்து. சாதியால் ஒதுக்கப்பட்டவனைப் பக்கத்தில் அமர்த்தி, அவன் பிள்ளைக்கு அகரம் எழுதக் கற்பித்தவர் வணங்கும் கடவுளை அவனும் வணங்க விரும்பினான் எனில், அதில் வியப்பென்ன?

எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய இறப்பர்ப் பகுதிகளில் வேறொரு வழியைக் காண்கிறோம். அங்கே தோட்டமும் சிங்களக் கிராமமும் அடுத்தடுத்து உள்ளன. அருகிலுள்ளது சிங்களப் பாடசாலையாயின் பிள்ளை அங்கே படிக்கிறது. தோழரோடு விகாரையின் ஞாயிறு பாடசாலைக்கும் போகிறது. வெசாக் கூடு கட்டுகிறது. இதில் நட்பு உண்டு. திருமண உறவும் உண்டு. அச்சமும் உண்டு என்பதை மறைத்தல் தகாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களையும் கண்ட ஒரு மக்கட் கூட்டத்திற் சிலர், அயலாரோடு கலந்துவிடுவதே காப்பு எனக் கருதினர். வேறு சிலர் அதே அச்சத்தால் தம் கோயிலை முன்னிலும் இறுகப் பற்றினர்.

இவையெல்லாம் ஊராலும் அயலாலும் வருபவை. தனி மனிதன் உள்ளத்தில் நேரும் மாற்றத்துக்கு நம் இலக்கியம் தரும் சான்று திருநாவுக்கரசர் வரலாறு. சைவ வேளாளர் குடியிற் பிறந்த மருணீக்கியார் சமணராகித் தருமசேனர் என்னும் பெயருடன் விளங்கினார். பின்னர் சூலைநோய் தாங்காது தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பினார் எனப் பெரியபுராணம் கூறும். சாத்திரங்களை ஐயமறக் கற்ற அறிஞர் அவர். எனினும் அவரைத் திருப்பியது தருக்கமன்று. வயிற்றுவலியும், நோயுற்றபோது செல்வதற்கு இருந்த ஒரு வாசலும்.

அங்ஙனமாயின் நம்பிக்கைகள் யாவும் வெறும் பழக்கமும் தற்செயலுந்தாமா? இவ்வையத்தை நேர்மையாக எதிர்கொண்டவர் 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி. கிறிஸ்தவர் பிள்ளைகள் கிறிஸ்தவராயும், யூதர் பிள்ளைகள் யூதராயும், முஸ்லிம்களின் பிள்ளைகள் முஸ்லிம்களாயும் வளர்வதை அவர் இளமையிலேயே கவனித்தார். அதனால் எல்லாம் பொய் என்று முடிவு கட்டினாரல்லர். பிறர் தந்ததைத் தாமே தேடி உணரவேண்டும் என்று புறப்பட்டார். நம்பிக்கை எவ்வழியாக வந்தது என்பது ஒரு கேள்வி. அது மெய்யா என்பது பிறிதொரு கேள்வி. பெருக்கல் வாய்பாட்டையும் நாம் ஆசிரியரின் பிரம்புக்கு அஞ்சியே கற்றோம். அதனால் அது பொய்யாகிவிடவில்லை.

இக்கேள்விகள் இன்று தோட்டத்து வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. தம்பி ஒருவன் சிறு ஜெபக் கூட்டமொன்றில் சேர்ந்துவிடுகிறான். திருநீறு பூசுவதில்லை, திருவிழாவுக்கு வரி கொடுப்பதில்லை. நாளை தாய் கண்மூடினால் கொள்ளிக்குடம் எடுப்பானா என்று தமையன் கலங்குகிறான். குலத்தைக் கெடுத்தான் எனத் தமையனும், இருளில் இருக்கிறான் எனத் தம்பியும் பேசுகின்றனர்; ஒரு சுவரின் இருபுறத்தும் இருந்துகொண்டு பேச்சு நின்றுபோகிறது. தமையன் தன் தம்பியிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. ‘ஏன் விட்டுப் போனாய்?’ என்பதன்று அது. ‘உன் பிள்ளை காய்ச்சலிற் கிடந்த அந்த இரவில் உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர் யார்?’ என்பதே. தம்பியும் தமையனிடம் கேட்கலாம், அந்த மாரியம்மன் கோயிலைக் கட்டிய நாளில் பாட்டனார் யார் யாரைப் பறிகொடுத்திருந்தார் என்று. தாய் உயிரோடிருக்கும்போதே இவ்விரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டுக்கும் விடை அவளுக்குத் தெரியும்.